பூக்கட்டிய நாற்காலி

வயதானவர்கள் வந்து தங்கும் நம் இல்லத்தில் இந்தக் கோடைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்களான உங்களுக்கு என் அனுபவத்தில் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசச் சொன்னால் அவள் தன் சாமர்த்தியத்தைத்தான் பேசுவாள். நானும் அப்படிச் சில கதைகளை முடிந்து வைத்திருந்தேன். ஆனால் நேற்று கடைத்தெருவில் உங்களில் இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். யாரோ சொல்லிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன். இந்த ஊர்க் கடைத்தெருவில் எனக்குப் "பூப்பாடை சாராள்" என்று பெயர். இத்தனை வருஷத்தில் நான் எத்தனையோ பேரைத் தூக்கிக் கிடத்தியிருக்கிறேன், குளிப்பாட்டியிருக்கிறேன். அதற்கெல்லாம் ஒரு பெயரும் வரவில்லை, இதற்குத்தான் வந்தது.

சிரித்ததில் தப்பில்லை. கடைக்காரர்கள் சொல்கிறபடி கேட்டால் எனக்கே சிரிப்பு வரும். ஆனால் அவர்கள் சொல்கிற கதையில் ஒரு ஆளின் பேச்சு விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பேச்சு அன்றைக்கு அவர்கள் காதில் விழுந்திருக்காது. என் காதில் விழுந்தது. ஆகையால் நான்தான் சொல்ல வேண்டும்.

அப்போது இந்த மலைக்கு மோட்டார் ரோடு வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கீழ்நாட்டு வெயில் தாங்காமல் நம் இல்லத்துக்கு வருகிற வயதானவர்கள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ஊருக்குள் போக வர மட்டும் பழையபடி தூக்கு நாற்காலிதான். இரண்டு மூங்கில் கழி, நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி, தூக்க நாலு பேர். நடக்க முடியாதவர்களை வெயிலில் கொண்டுவந்து உட்காரவைப்பது, ஏரியைச் சுற்றிக் காட்டுவது, தோட்டத்தில் பட்டாணி உரிக்கவைப்பது, இவைதான் என் சோலி. எப்படித் தூக்குவது, எப்படிப் போர்த்துவது என்பதையெல்லாம் உங்களுக்கு வேறு ஆட்கள் கற்றுத் தருவார்கள்.

அந்த வருஷம் எஸ்தர் அம்மா வந்தார். ஊர் ஊராக நடந்து, வீட்டுப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டி, அப்படியே எழுத்தும் சொல்லிக்கொடுக்கிற 'பைபிள் அம்மா'வாக இருந்தவர். பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக மலையேறி வருகிற பழைய பாதையில் அவர் கால் படாத கல் கிடையாது என்பார்கள். சின்ன வயதிலேயே கணவனை இழந்தவர். வெள்ளைச் சேலை, வெறும் கழுத்து, வெறும் கொண்டை. வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு வருஷமாக வீட்டு வாசலைத் தாண்டவில்லை என்று அவரைக் கொண்டுவந்து விட்டவர்கள் சொன்னார்கள். இந்தக் கோடையிலாவது வெளியே கொண்டுபோய்ப் பழக்கினால் மனுஷி தேறுவார், இல்லையென்றால் கட்டிலோடு கட்டிலாகப் போய்விடுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வந்த அன்றைக்கே அவர் என்னிடம் ஒன்று கேட்டார். நம் இல்லத்து வேலிக்கு வெளியே, அடுக்கம் பாதை வந்து சேருகிற இடத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறதல்லவா? வாழைத்தாரும் விறகும் சுமந்து ஏறி வருகிறவர்கள் தலைச்சுமையை இறக்கிவைத்து மூச்சு வாங்குகிற கல். "என்னய அந்தக் கல்லுகிட்ட கொண்டுபோயி உக்கார வையி சாரா. வாரவுக போறவுகளப் பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றார்.

"ரோட்டோரத்துலயாம்மா? தரையிலயா? பாக்குறவுக என்ன நெனப்பாக? ஒங்களுக்குன்னு நாற்காலி கெடக்கு, ஏரி கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. சரி, மறந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்டுக் கிடைக்காதவர்கள் மறப்பதில்லை, வாயை மூடிக்கொள்கிறார்கள். இது எனக்கு அப்போது தெரியாது.

மே மாதம் ஏரிக்கரையில் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் ஒரு கோடைத் திருவிழா நடத்துவார்கள். அதில் நாற்காலிகளையும் ரிக்ஷாக்களையும் பூவால் அலங்கரித்து வரச்சொல்லி, நன்றாக இருப்பதற்குப் பரிசு கொடுப்பார்கள். அந்த வருஷம் எங்களுக்கும் அழைப்பு வந்தது. எங்களுக்கெல்லாம் மேலாக இருந்தவரைப் பெரியக்கா என்போம். பெரியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம வீட்டு நாற்காலியப் பாத்து வாயப் பொளக்கணும்டி அவுகல்லாம்" என்றார். பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கும் பெருமை பிடிபடவில்லை. ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

யாரை உட்காரவைப்பது என்ற பேச்சு வந்தபோது, தூக்க லேசானவர் என்பதால் எஸ்தர் அம்மா என்று முடிவானது. ஆமாம், அதுதான் காரணம். அவரை யாரும் கேட்கவில்லை.

மலைப் பூக்கள் தொடுக்க நிற்காது, உதிர்ந்துவிடும் என்று நிலக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் கூடை கூடையாகச் செவ்வந்தி வரவழைத்தேன். மூங்கில் பிளாச்சை வளைத்து நாற்காலிக்கு மேல் பந்தல் மாதிரி கட்டி, இண்டு இடுக்கு விடாமல் சரம் சுற்றினேன். வெயிலுக்காக மேலே ஒரு வெள்ளைத் துப்பட்டி. கழிகளுக்கும் பூ. எஸ்தர் அம்மாவுக்கு நல்ல வெள்ளைச் சேலை உடுத்தி உள்ளே உட்காரவைத்து, சாய்ந்துவிடக் கூடாது என்று இடுப்பில் ஒரு துணியால் நாற்காலியோடு கட்டினேன். ஓரளவு நடக்கக்கூடிய பெரியவர்கள் எல்லாரையும் வெள்ளை உடுத்தி, இரண்டு வரிசையாகப் பின்னால் நிறுத்தினேன். சும்மா நடந்தால் நன்றாயிராது என்று கீர்த்தனை பாடிக்கொண்டே வரச் சொன்னேன். அந்த வாரம் எங்கள் இல்லத்தில் ஒரு பெரியவர் இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டு கிடந்தது கடைத்தெரு முழுவதுக்கும் தெரியும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். எங்களில் ஒருத்திக்கும் அன்று கண் தெரியவில்லை. பெரியக்கா வாசலில் நின்று, "தேரு மாதிரி இருக்குடி!" என்றார். எஸ்தர் அம்மா மட்டும் தலைக்கு மேலே இருந்த பூவை அண்ணாந்து பார்த்தார்.

"எனக்கு எதுக்குத்தா இதெல்லாம்?"

"எல்லாரும் பாக்கணும்லம்மா."

"என்னயவா, பூவயா?"

கேலி பேசுகிறார் என்று நான் சிரித்தேன்.

ஏரிக்குப் போக வேண்டுமானால் கடைத்தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் கடை ஒரு ராவுத்தருடைய மளிகைக் கடை. வருஷக்கணக்கில் எங்களுக்குச் சாமான் கொடுக்கிறவர், எஸ்தர் அம்மா நடந்து மலையேறிய காலத்தில் அவருக்கும் பழக்கமானவர், தங்கமான மனிதர். நாங்கள் திருப்பத்தில் வந்ததும் அவர் கல்லாவை விட்டு எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கடைப் பையனிடம் ஏதோ சொல்லிவிட்டு, பலகைக் கதவில் இரண்டு பலகையை எடுத்து அவரே வாசலில் செருகினார்.

உங்களுக்குத் தெரியும், ஒரு சாவு தெருவைத் தாண்டுகிற வரைக்கும் கடைக்காரர்கள் பாதிக் கடையை மூடி எழுந்து நிற்பார்கள். மரியாதை. அவரைப் பார்த்து அடுத்த கடையில் பலகை விழுந்தது. அதற்கடுத்த கடை. தெரு நெடுகிலும் டப், டப் என்று பலகைகள் விழுந்துகொண்டே போயின. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். தலைப்பாகைகள் இறங்கின. பேரம் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஓரமாக ஒதுங்கினார்கள். பின்னாலே எங்கள் பெரியவர்கள் பாடிக்கொண்டே வருகிறார்கள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, நான் பிடித்தது பாடை. அதை அப்போதுதான் பார்த்தேன். எனக்கு முன்னாலேயே எஸ்தர் அம்மா பார்த்துவிட்டார்.

"சாரா, எறக்கு" என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் நான் நாற்காலியின் பக்கத்திலேயே நடந்தேன்.

நாற்காலி தூக்கியவர்களில் முன்கழி பிடித்தவன் சின்னாண்டி. அவனும் திரும்பி, "அக்கா, என்னமோ சரியில்லக்கா. எறக்கிருவமா?" என்றான்.

இறக்கியிருக்கலாம். இறக்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்த நிமிஷத்தில் என் புத்தி எங்கே இருந்தது தெரியுமா? கடைக்காரர்கள் முகத்தில் இருந்தது. பெரியக்கா என்ன சொல்வார் என்பதில் இருந்தது. இறக்கினால் எல்லாரும் சூழ்ந்துகொள்வார்கள், விஷயம் வெளிச்சமாகும், சந்தி சிரிக்கும். தாண்டிவிட்டால் போதும் என்று நினைத்தேன். "நடங்கப்பா, வெரசா நடங்க!" என்று விரட்டினேன்.

நாலு பேரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். நாற்காலி குலுங்கியது. குலுங்கின குலுக்கலில் சரங்கள் அறுந்து, செவ்வந்தி பொலபொலவென்று வழியெல்லாம் உதிர்ந்தது. சவத்துக்கு முன்னால் பூ இறைத்துக்கொண்டு போவார்களே, அந்தக் குறையும் தீர்ந்தது.

"எறக்குத்தா, எறக்கு." வராத இடது கையை வலது கையால் தூக்கி இடுப்புக் கட்டை அவிழ்க்கப் பார்த்தார்.

அப்போது நான் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு நாக்கு கூசுகிறது. அவர் முகத்தை ஊரே பார்க்கிறதே, பாவம், அவருக்கு வெட்கமாயிருக்குமே என்று, மேலே கிடந்த வெள்ளைத் துப்பட்டியை இழுத்து அவர் முகத்துக்கு முன்னால் விட்டேன். அவருடைய வெட்கத்தை மறைக்கிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறைத்தது என் வெட்கத்தை. உயிரோடு இருக்கிற மனுஷியின் முகத்தை மூடிவிட்டேன்.

துணிக்கு உள்ளேயிருந்து அவர் கத்தினார். "ராவுத்தரே! ஓ ராவுத்தரே!"

பாட்டு நின்றது. தெருவில் ஒரு குழந்தை வீலென்று அழுதது. யாரோ ஒருவன், "யாத்தே, பொணம் பேசுதுலே!" என்றான். அதற்கு நாலு பேர் சிரித்தார்கள். கடைத்தெருக் கதை இத்தோடு முடிகிறது. ஆனால் ராவுத்தர் சிரிக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தவர், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துப்பட்டியை விலக்கினார்.

"யா அல்லா, எஸ்தரம்மா!"

"ஆமய்யா, நான்தான். கடயத் தொறங்க. எனக்குக் கொஞ்சம் பனங்கற்கண்டு வேணும்."

"என்னம்மா?"

"பனங்கற்கண்டு. நல்லதாப் பாத்து. போன தடவ குடுத்ததுல மண்ணு."

ராவுத்தருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "ஏலே, பலகைய எடுங்கடா!" என்று கடையைப் பார்த்துப் போட்ட சத்தத்தில், தெரு முழுவதும் பலகைகள் ஒவ்வொன்றாக விலகின. சின்னாண்டி என்னைக் கேட்கவில்லை. நாற்காலியைத் திருப்பிக் கொண்டுபோய் மளிகைக் கடை வாசலில் இறக்கினான். எஸ்தர் அம்மா நல்ல கையை நீட்டிக் கற்கண்டை வாங்கி, ஒரு கட்டியை வாயில் போட்டுக் கடித்து, தலையை ஆட்டி, "இது தேவல" என்றார். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. பிணம் கற்கண்டு தின்னாது என்று எல்லாருக்கும் தெரியும்.

பிறகு என் பக்கம் திரும்பாமலே, "பூவப் பிச்சுப் போடு" என்றார்.

நடுத்தெருவில் நின்று, நான் கட்டிய பூவை நானே பிய்த்தேன். பிய்க்கப் பிய்க்க வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு அக்கறையாகக் கட்டியிருந்தேன். பிய்த்ததைத் தரையில் போடப் போனபோது ராவுத்தர் ஒரு காலிச் சாக்கைக் கொண்டுவந்து விரித்தார். "ரோட்டுல போடாதத்தா. இதுக்குள்ள போடு" என்று மெல்லச் சொன்னார். அந்த மனிதர் மெல்லச் சொன்னதில்தான் எனக்கு அழுகை வந்தது. ஏரிக்கரைக்கு நாங்கள் போகவில்லை. வெறும் நாற்காலியில் எஸ்தர் அம்மாவும், பின்னால் பாட்டில்லாமல் பெரியவர்களும், கடைசியில் பூச்சாக்கைச் சுமந்துகொண்டு நானுமாக வந்த வழியே திரும்பினோம்.

பெரியக்கா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "தேரு மாதிரி இருக்குன்னு நான்தானடி சொன்னேன்" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து எஸ்தர் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெயில் நன்றாயிருக்கிறது என்றாலும் வேண்டாம். தோட்டத்துக்குப் போகலாம் என்றாலும் வேண்டாம். ஜன்னலைக்கூடச் சாத்தச் சொன்னார். இரண்டு வருஷம் வீட்டுக்குள் கிடந்தவரை வெளியே கொண்டுவர வந்தவள், ஒரே நாளில் அவரைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். கஞ்சி கொண்டுபோய் வைக்கும்போது அவர் முதுகைத்தான் பார்ப்பேன். முகத்தைப் பார்க்க எனக்கு முகமில்லை. வேறு யாரையாவது அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன். அப்படித் தப்பிக்க நினைத்ததையும் என் வெட்கத்தின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

ஒருநாள் காலையில் வெள்ளெனக் கஞ்சியை வைத்துவிட்டுக் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தேன். "பூ வச்சது தப்பும்மா. மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார். "எங்க வீட்டுக்காரவுக போன அன்னைக்கு எடுத்த பூவு. இனி நான் செத்தாத்தான் வரும்னு இருந்தேன். நீ முன்னாடியே கொண்டாந்துட்ட. போகட்டும், தெரியாமச் செஞ்ச. பூவுக்கு எனக்குக் கோவமில்ல."

நான் மூச்சுவிட்டேன்.

"எறக்குன்னு சொன்னேனே, அது ஒன் காதுல விழுந்துச்சா?"

விழவில்லை என்று சொல்லியிருக்கலாம். அத்தனை சத்தத்தில், பாட்டில், யார் மறுக்க முடியும்?

"விழுந்துச்சும்மா."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

"நடந்துகிட்டு இருந்த காலத்துல, நில்லுன்னா என் காலு நிக்கும். இப்ப என் காலு நீங்கதான். நில்லுன்னா நிக்காத கால வச்சுக்கிட்டு நான் எப்படித்தா வெளிய வருவேன்?"

கஞ்சிக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவைத்தேன். "எங்க போகணும்மா, சொல்லுங்க" என்றேன்.

"வந்த அன்னைக்கே சொன்னேன்" என்றார்.

சின்னாண்டியைக் கூப்பிட்டேன். கிளம்பும் முன், "அம்மா எறக்குன்னா எறக்கிரு. என்னயப் பாக்காத" என்றேன். அவன், "அன்னைக்கே அப்படித்தானக்கா செஞ்சிருக்கணும்" என்றான். வேலியைத் தாண்டும்போதே எஸ்தர் அம்மா "எறக்கு" என்றார். இறக்கினோம். ஒன்றுமில்லை, சும்மா சொல்லிப் பார்த்திருக்கிறார். "ம், போகலாம்" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடி "எறக்கு". மறுபடி இறக்கினோம். அப்படி எத்தனை முறை இறக்கினோமோ, சின்னாண்டி முகம் சுளிக்கவில்லை.

சுமைதாங்கிக் கல்லுக்குப் போனதும் தரையில்தான் உட்கார வேண்டும் என்றார். சாக்கை விரித்து, கல்லுக்கு முதுகைக் கொடுத்துச் சாய்த்து உட்காரவைத்தோம். அந்தச் சாக்குதான், ராவுத்தர் கொடுத்தது. வேறு சாக்கு கையில் அகப்படவில்லை. அவர் அதைப் பார்த்தார்.

அடுக்கத்துப் பக்கமிருந்து ஒரு பெண் தலையில் வாழைத்தாரும் இடுப்பில் கைக்குழந்தையுமாக மூச்சிரைக்க ஏறி வந்தாள். நல்ல புடவை உடுத்திய என்னை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தவரிடம் நேரே போய், "யாத்தா, இவனக் கொஞ்சம் பிடிங்க, சுமைய எறக்கிக்கிறேன்" என்று குழந்தையை மடியில் போட்டாள்.

எஸ்தர் அம்மா நல்ல கையால் அவனை அணைத்துக்கொண்டார். அவன் அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினான். இரண்டு வருஷமாக அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, பிடித்துக்கொள்ளச் சொன்னதில்லை. எல்லாரும் அவரைத்தான் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்தக் கோடை முழுவதும் மழையில்லாத நாளெல்லாம் அவர் அங்கேதான் உட்கார்ந்தார். அடுக்கம் பெண்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்வர ஆரம்பித்தார்கள். முகத்தில் வெயில் பட்ட நிறம் வந்தது. என்னை மன்னித்துவிட்டதாக மட்டும் அவர் சொல்லவே இல்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பொருள் அல்ல அது.

நம் இல்லத்தில் நாற்காலியில் இருப்பவர் இறக்கு என்றால் முதலில் இறக்கிவிட்டுத்தான் ஏன் என்று கேட்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. உங்களுக்கும் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். சேற்றில் நின்றாலும் இறக்குங்கள், துரைமார் எதிரே வந்தாலும் இறக்குங்கள். நேரமாகிவிட்டதே, எல்லாரும் பார்க்கிறார்களே என்று உங்கள் மனசு சொல்லும். அது நல்ல மனசுதான். அந்த நல்ல மனசுதான் துப்பட்டியை இழுத்து மூடவும் சொல்லும்.

எஸ்தர் அம்மா அடுத்த கோடைக்கு வரவில்லை. மார்கழியில் கீழே அவருடைய ஊரிலேயே போய்விட்டார் என்று செய்தி வந்ததும் பஸ் பிடித்து ஓடினேன். பெட்டிக்குள் வெள்ளைச் சேலையில் கிடந்தார். மலைக்காரி வந்திருக்கிறாள் என்று யாரோ வழிவிட்டார்கள். ஒரு பெண் என் கையில் செவ்வந்திச் சரத்தைக் கொடுத்து, "நீங்களும் வைங்கக்கா" என்றாள். இப்போது அது அவருடைய பூ, வைக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வைத்தேன். முகத்தை மூடும்போது மட்டும் நான் துணியைத் தொடவில்லை.

பெட்டியை நாலு பேர் தோளில் தூக்கினார்கள். பெண்கள் எல்லாரும் பின்னால் நடந்தார்கள். நான் பெட்டியை ஒட்டிப் பக்கத்திலேயே நடந்தேன். தூக்கியவர்களில் ஒருவர், "தள்ளி வாங்கம்மா, கால் தடுக்கும்" என்றார். தள்ளவில்லை. கல்லறைத் தோட்டம் வரைக்கும் பெட்டியோரமாகக் காதைக் கொடுத்துக்கொண்டே போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.